இரண்டு வெங்காயம் குறைவு

வரைபடத்துச் சாலை
நேற்று மதியத்தோடு முடிந்துவிட்டது.
இப்போது இருப்பது
யாரோ ஓட்டிப்போன வண்டியின் தடம்,
அதுவும் இடது சக்கரம் மட்டும்.

டெல்மிரா இறங்கி
டயர் ஒவ்வொன்றிலும் காற்றைக் குறைக்கிறாள்.
குச்சியை அழுத்திப் பிடித்தபடி
உஸ்ஸென்று அது போய்முடியும்வரை
பேசாமல் குந்தியிருக்கிறாள்.
நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில்
பேச்சும் சுமைதான்.
கூடாரம், மண்வெட்டி, மூன்று கேன் டீசல்,
உதிரி டயர், உதிரிக்கும் ஓர் உதிரி
எல்லாம் எடைபோட்டு ஏற்றியிருந்தோம்.
மூச்சை எண்ணவில்லை.

உப்புவெளி ஓரத்து மண்வீட்டிலிருந்து
ஒரு பெண் வந்தாள்.
கையெல்லாம் ஆட்டவில்லை,
நடுத்தடத்தில் நின்றாள், அவ்வளவுதான்.
எர்மீனியா கோல்க்கே என்று
சீட்டு எடுக்கிறவள்போல முழுப்பெயர் சொன்னாள்.
ஒரு சாக்கைப் பின்னால் தூக்கிப் போட்டாள்.
"தொண்ணூறு கிலோமீட்டர்.
எரிமலைக்கு இந்தப் பக்கம், நீலக் கதவு,
என் தம்பி செனோபியோ.
வெங்காயத்தைக் கொடுங்கள்.
வெள்ளை லாமா ஈன்றுவிட்டதென்று சொல்லுங்கள்.
பெண் குட்டி."
நாங்கள் ஊர்சுற்ற வந்தவர்கள் என்றேன்.
"வண்டிதானே" என்றாள்.

அதன்பின் தகரக் கூரை விரித்ததுபோல
வரிவரியாய் நிலம்.
பல் கிட்டி, கதவு கிட்டி,
சாக்குக்குள் வெங்காயங்கள் ஒன்றையொன்று
இடித்துக்கொள்ளும் சத்தம்
இஞ்சினுக்கு மேலே எனக்குக் கேட்டது.
தூரத்தில் விக்குன்யாக்கள் தலைதூக்கிப் பார்த்து
மறுபடி மேயக் குனிந்தன.
மழை ஊறிய உப்பின் ஓரத்தில்
பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.
பலகை, மண்வெட்டி, வசவு,
மீண்டும் பலகை.
நாலு வாரல், ஒரு இளைப்பு.
வெளியே வந்தபோது சூரியன் இல்லை.

பாறைக்குப் பின்னால் கூடாரம்.
மார்ச் மாதம்தான், ஆனாலும்
தண்ணீர்க் கேனுக்குள் கல்.
அதைச் சுரண்டி நூடுல்ஸ் வைத்தோம்.
வெறும் மாவு நாற்றம்.
டெல்மிரா சாக்கைப் பார்த்தாள்.
நான் டெல்மிராவைப் பார்த்தேன்.
உறைந்த வெங்காயம் நறுக்கினால்
கண்ணில் நீர் வராது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
"அவன் எண்ணமாட்டான்" என்றாள்.
"அக்காள் எண்ணியிருப்பாள்" என்றேன்.
இன்னொன்றையும் எடுத்தாள்.

காலையில் டீசல் நெய்யாய் இறுகியிருந்தது.
தோலாச் செடி பிடுங்கித் தணல் மூட்டி
தட்டில் அள்ளித் தொட்டிக்கடியில் வைத்துவிட்டு
இருவரும் தள்ளி நின்றோம்,
வெடித்தால் ஒருவராவது மிஞ்சட்டுமென்று
ஆளுக்கொரு திசையில்.

நீலக் கதவில் பூட்டு.
பட்டியில் ஈரமான சாணம்,
சுவரில் சாய்ந்த சைக்கிள்,
கட்டிய நாய் ஒன்று.
மந்தையோடு எங்கோ மேலே போயிருப்பான்.
இரண்டு மணி நேரம் ஹாரன் அடித்தோம்.
மலை ஒருமுறை திருப்பி அடித்தது.

சாக்கை வாசலில் வைத்துக்
கல்லொன்றை ஏற்றினோம்.
குறைந்த இரண்டுக்கு ஈடாக ஒரு டின் மத்தி மீன்.
சேதியை நூடுல்ஸ் அட்டையில் எழுதப்போனேன்,
படிப்பானோ என்னவோ என்றாள்.
லாமா வரைந்தாள், காலடியில் ஒரு குட்டி.
வெள்ளைக்கு, மட்கார்டில் காய்ந்திருந்த
உப்பைச் சுரண்டித் தேய்த்தாள்.
பெண் என்பதை எப்படி வரைவது?
அதில் கொஞ்சம் சண்டை வந்தது.
கடைசியில் அதை விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள்,
பீப்பாயிலிருந்து டீசல் விற்கும் ஒருவர்
புனலில் துணிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தார்.
எங்கே யாரைக் கண்டாலும் சொல்லிவிடுவோமென்று
சொன்னேன்: செனோபியோவின் அக்காளுடைய
வெள்ளை லாமா...
"பெண் குட்டி" என்றார், தலைநிமிராமல்.
"ரேடியோவில் அன்றைக்கே சொன்னார்கள்."

கேன் நிறைந்தது. மூடியைத் திருகினார்.
சில்லறை எண்ணிக் கொடுத்தார்.
வண்டி நகர்ந்த பிறகு
ஜன்னல் பக்கமாய் நடந்துவந்து,
"அவன் மீன் தொடமாட்டான்" என்றார்.